ஆடலும் பாடலும் ஒருவரிடத்தே

ஆடுபவர் ஒருவர், பாடுபவர் வேறொருவர். இதற்கே நாம் பழகிவிட்டோம். இந்நகரத்து நடன நிகழ்ச்சிகளிலும் பாடகர் மேடையின் ஓரத்தில் அமர்ந்திருப்பார். ஆடும் பெண் பெரும்பாலும் உதட்டை மட்டுமே அசைப்பார். இப்பிரிவினை பழைய மரபன்று. அதற்குச் சான்றாக வாழ்ந்தவர் பாலசரசுவதி (1918–1984).

பாட்டி, வீணை தனம்மாள். தாய் ஜெயம்மாள் பாடகி. மகள் ஆடப் பின்னின்று பாடியவர். குரு கந்தப்பப் பிள்ளையோ தஞ்சை நால்வர் வழிவந்தவர். அந்நால்வருள் இளையவரான வடிவேலு நமக்கு அயலார் அல்லர்; திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் அவையில் இருந்தவர். 1834-இல் மன்னர் அவருக்குத் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார். (தமிழ்நாட்டிலிருந்து இங்கு வந்தவருள் நாம் முதல்வர் அல்லோம் என்பதில் ஓர் ஆறுதல்!)

ஆடிக்கொண்டே பாடுவது எளிதா? அறிவியல் மாணவன் என்ற முறையில் இதைச் சற்றுச் சிந்தித்தேன். ஓய்வில் நாம் நிமிடத்துக்கு 12 முதல் 16 முறை மூச்சு விடுகிறோம். கடும் உழைப்பில் அது 30-ஐத் தாண்டும். தசைகள் உயிர்வளியைக் கேட்கின்றன. கரியமிலவாயு மிகும்போது மூளை மூச்சை விரைவுபடுத்துகிறது. பாட்டுக்கோ, விரைந்து உள்ளிழுத்து நெடுநேரம் சிறுகச் சிறுக வெளிவிடும் மூச்சு வேண்டும். இரண்டும் முரண்பட்டவை. ஆகவே தில்லானாவின் அடவுகளுக்கு நடுவே பாடுவது அரிது. பதத்தில் அது இயலும். அங்கே கால் ஓய்கிறது. கையும் முகமும் பேசுகின்றன. பாலசரசுவதி அமர்ந்தபடியே பதம் பாடி அபிநயம் செய்வார். பாட்டு நீளும் இடத்தில் கையும் நீளும், இசை நெளியும் இடத்தில் கண்ணும் நெளியும். இரண்டுக்கும் மூச்சு ஒன்றே அல்லவா? வேறொருவர் பாட்டைக் கேட்டு ஆடுபவருக்கு இந்த ஒருமை எளிதில் வாய்ப்பதில்லை என்பது என் கருத்து.

இனி வரலாறு. கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கம் திருவிதாங்கூரில் சேது லட்சுமி பாய் ஆட்சியிலேயே (1924–1931) நிறுத்தப்பட்டது. சென்னை மாகாணத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய முயற்சி 1947-இல் சட்டமாயிற்று. சட்டம் வேண்டியதே, அதில் ஐயமில்லை. ஆனால் கலை சபா மேடைக்கு ஏறியபோது, அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த பெண்களில் எத்தனை பேர் உடன் ஏறினர்? சிருங்காரத்தைக் குறைத்தால் நடனம் தூய்மை பெறும் என்று சிலர் வாதித்தனர். பாலசரசுவதி இசையவில்லை. சிருங்காரமே பக்திக்கு வழி என்றார். என் மனம் அவர் பக்கமே சாய்கிறது, நண்பர்கள் மறுக்கலாம்.

1940களில் அவருக்கு மேடைகள் குறைந்தன, உடலும் நலிந்தது. பின்பு 1961-இல் டோக்கியோ, 1962-இல் அமெரிக்கா, 1963-இல் எடின்பரோ. 1973-இல் சென்னை மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருது அளித்தது. இசைவாணர்களுக்கே உரியதாயிருந்த அவ்விருதைப் பெற்ற முதல் நடனமணி அவரே. மேடையிலும் பாடிய பெண்ணுக்கு அது இவ்வளவு காலம் கழித்து வந்ததுதான் வியப்பு!

சத்யஜித் ராய் 1976-இல் அவரைப் பற்றி எடுத்த ‘பாலா’ என்ற படத்தில், கடற்கரையில் காற்றடிக்க அவர் அபிநயம் பிடிக்கும் காட்சி உண்டு. பார்க்கும் அன்பர்கள் முதலில் கைகளை விடுத்து மூச்சைக் கவனிக்க.