வினவப் பழகுவோம், விடை சொல்லப் பழகுவோம்



தமிழைப் பிழையின்றி எழுதும் பிள்ளையும், தமிழில் ஒரு கேள்வி கேட்டால் தலையை மட்டும் அசைத்து நிற்பதைக் காண்கின்றோம். குறை பிள்ளையிடம் இல்லை; பெரும்பாலும் நாம் கேட்கும் வினாவிலேயே உள்ளது.

நன்னூல் வினாவை ஆறு வகையாகப் பிரிக்கின்றது. அவற்றுள் விடை தெரிந்தே கேட்பது அறிவினா. தெரியாததை அறியக் கேட்பது அறியாவினா. ஆப்பிளைக் காட்டி, "இது என்ன பழம்?" என ஆசிரியர் கேட்பது அறிவினா. ஒரு சொல்லோடு உரையாடல் முடிந்துவிடும். "நேற்று யாரோடு விளையாடினாய்?" என்பது அறியாவினா. விடை பிள்ளையிடம் மட்டுமே இருப்பதால், பேசும் தேவை பிறக்கின்றது. ஸ்பானிய மொழியைப் புதிதாகக் கற்போரும் பெயர், ஊர், விருப்பம் பற்றி இருவர் இருவராக வினவியே பேசப் பழகுகின்றனர்.

இத்தகைய வினாக்களுக்கு நமது ஷோனெஃபெல்ட்டே நல்ல பொருள் தருகின்றது. 1983 யூலைக் கலவரத்தின் பின் ஈழத்தமிழர் பலர், அன்று கிழக்கு யேர்மனியில் இருந்த ஷோனெஃபெல்ட் வானூர்தி நிலையத்தில் இறங்கி, மேற்கு பேர்லினை அடைந்தனர். 1985இல், விசா இல்லாதோர்க்கு அவ்வழி அடைபட்டது. 2020இல் புதிய நிலையம் திறக்கப்பட்ட இவ்வூரின் பழைய கதை, மூத்தோர் பலரின் நினைவில் இன்றும் உண்டு.

மாணவர்களே, வீட்டிலுள்ள மூத்தோரிடம் இவற்றைக் கேளுங்கள்:

1. எந்த ஆண்டில் வந்தீர்கள்?
2. யாரோடு வந்தீர்கள்?
3. கையில் என்ன கொண்டு வந்தீர்கள்?
4. ஊருக்குத் திரும்பிப் போவீர்களா?

பெற்றோரே, பிள்ளை சொல் தேடித் தடுமாறினால் சற்றுப் பொறுத்திருங்கள். இடைமறித்துத் திருத்தாதீர்கள். டொச் சொல் கலந்தால், அதே கருத்தைத் தமிழில் இயல்பாகச் சொல்லி உரையாடலைத் தொடருங்கள்.

நான்காம் வினாவுக்கு அம்மம்மா, "வீடு இடிந்து போயிற்று" என்று மட்டும் சொல்லக்கூடும். போவேன் என்றோ போகேன் என்றோ கூறாமல், நேர்ந்ததைச் சொல்லும் இவ்விடையை நன்னூல் "உற்றது உரைத்தல்" என்கின்றது. அந்த ஒரு விடையில் இலக்கணத்தையும் குடும்ப வரலாற்றையும் பிள்ளை ஒருங்கே கற்கின்றது. கேளாதிருந்தால் இரண்டையும் இழக்கும்.

ஆகவே, இன்றே கேளுங்கள்!