பூச்சுக்கு அடியில் வளரும் பிழை

வீடு கட்டிக் கொடுப்பதைத் தொழிலாகக் கொண்டவர்களிடையே வெகு காலமாக ஓர் அபிப்பிராயம் வேரூன்றியிருக்கிறது: தாம் கட்டிய வீட்டில் குறை உண்டென்று தாமே வாய்திறந்து ஒப்புக்கொண்டால் அன்றோடு பெயரும் போய்விடும், தொழிலும் போய்விடும் என்பது அது. கட்டடங்களைப் பற்றி வழங்கும் மற்றத் தவறான நம்பிக்கைகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்தே கிளைத்தவை என்பது என் துணிபு. ஏனெனில், ஒப்புக்கொள்ள மனம் வராதவர் குறைக்குக் காரணம் தேடுவதில்லை, அதை மறைக்க உபாயமே தேடுகிறார்.

"புது வீடென்றால் விரிசல் விடத்தான் செய்யும், பட்டி பார்த்து வர்ணம் அடித்தால் சரியாகிவிடும்" என்று மேஸ்திரி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பூச்சு காயும்போது வலைபோல் தோன்றும் மயிரிழைக் கோடுகளால் வீட்டுக்கு ஒரு தீங்கும் இல்லை. ஆனால், ஜன்னலின் மூலையிலிருந்து சாய்வாகப் புறப்பட்டு, செங்கல் இணைப்புகளின் வழியே படிப்படியாக இறங்கி, நாளுக்கு நாள் அகலமாகும் விரிசல், அஸ்திவாரம் ஒரு பக்கம் அமிழ்கிறது என்பதற்கு அடையாளமாக இருக்கக்கூடும். இரண்டையும் பிரித்தறிய ஒரு பழைய வழி உண்டு: விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து, இரு முனைகளையும் சிமெண்டால் பதித்து, தேதியைப் பக்கத்தில் எழுதிவிட வேண்டும். மழைக்காலமும் கோடையும் கடந்த பின்னும் கண்ணாடி முழுசாக இருந்தால் விரிசல் ஓய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். உடைந்துவிட்டால், சுவர் இன்னும் அசைகிறது, பட்டியும் வர்ணமும் அதற்கு மருந்தல்ல.

தளத்தின் அடிப்பக்கத்தில் காரை பெயர்ந்து விழுவதைப் பற்றிய நம்பிக்கையோ இதைவிட அபாயகரமானது. விழுந்த இடத்தில் புதுப் பூச்சு வைத்தால் போதும் என்று எண்ணுகிறார்கள். கம்பியைத் துருவிலிருந்து காப்பது அதைச் சுற்றியுள்ள காங்கிரீட்டின் காரத்தன்மையே, அதனால்தான் ஐ.எஸ். 456 விதித்தொகுப்பு, சாதாரணச் சூழலில் உள்ள தளத்தில் கம்பிக்கு வெளியே 20 மில்லிமீட்டரும் தூணில் 40 மில்லிமீட்டரும் காங்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்கிறது. கவர் கட்டை வைக்காமல் கைக்குக் கிடைத்த ஜல்லித் துண்டை வைத்து வேலையை முடித்த இடத்திலும், உப்புத் தண்ணீரில் கலவை போட்ட இடத்திலும், நாளாவட்டத்தில் கம்பி துருப்பிடிக்கிறது. துருவானது இரும்பைப்போல இரண்டிலிருந்து ஆறு மடங்கு வரை பருமனாவதால், உள்ளிருந்தபடியே காங்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. கம்பி ஓடும் நேர்கோட்டிலேயே விரிசல் விழுவதும், அதன் ஓரத்தில் பழுப்புக் கறை கசிவதும் இதன் பிரத்தியட்ச அறிகுறிகள். இதற்குச் செய்ய வேண்டிய பரிகாரம் சிரமமானதுதான்: தளத்துக்கு முட்டுக் கொடுத்து, தட்டினால் பொத்தென்று ஒலிக்கும் பகுதி முழுவதையும் கொத்தி எடுத்து, கம்பியின் பின்புறம் விரல் நுழையும் அளவுக்கு வெளிப்படுத்தி, துருவை இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, மெலிந்துபோன கம்பிக்குத் துணைக்கம்பி சேர்த்து, அதன் பிறகே உரிய கலவையால் நிரப்பிப் பல நாள் ஈரம் காக்க வேண்டும். இவற்றில் ஒன்றைத் தவிர்த்துவிட்டு வைக்கும் பூச்சு, உள்ளே வளரும் துருவை வீட்டுக்காரர் கண்ணிலிருந்து மறைக்கிறதே தவிர, அதன் வளர்ச்சியை நிறுத்துவதில்லை.

பால்கனியிலும் சன்ஷேடிலும் நேரும் பிழை வேறு வகையானது. சுவரிலிருந்து வெளியே நீளும் இப்படிப்பட்ட தளத்தில் இழுவிசை மேற்பக்கத்தில் ஏற்படுவதால், முக்கியமான கம்பியும் மேலேதான் இருக்க வேண்டும். காங்கிரீட் போடும் அன்றைக்குச் சட்டி சுமந்து வருபவர்கள் அந்தக் கம்பியின்மேல் நடந்து நடந்து அதைக் கீழே அமுக்கிவிடுகிறார்கள். சென்டரிங் பிரித்த சில காலத்துக்குள் சுவரை ஒட்டிய மேல்விளிம்பில் நீளவாக்கில் ஒரு கோடு தோன்றுகிறது. "கோடுதானே, கலவை தடவிவிடலாம்" என்பவரின் பேச்சைக் கேட்கலாகாது. கம்பி இருக்க வேண்டிய இடத்தில் இல்லாத பால்கனியைத் தாங்கிப் பிடிக்கப் பூச்சுக்குச் சக்தி கிடையாது. உடனே முட்டுக் கொடுத்து, பொறியாளரைக் கொண்டு பரிசோதித்து, பெரும்பாலும் இடித்துத் திரும்பப் போடத்தான் வேண்டியிருக்கும்.

சாவியை ஒப்படைத்ததோடு பொறுப்பு தீர்ந்தது என்ற எண்ணம் நம் நாட்டில் சட்டப்படியே செல்லாது. 2016-ஆம் ஆண்டின் மனைவணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் கட்டமைப்பிலோ வேலைப்பாட்டிலோ குறை சுட்டிக்காட்டப்பட்டால், 30 நாட்களுக்குள் கூடுதல் காசு வாங்காமல் அதைச் சரிசெய்து தரும் கடமையைக் கட்டியவர்மேல் சுமத்துகிறது. தவறினால் நஷ்டஈடு கேட்கலாம். சொந்த மனையில் காண்டிராக்டரைக் கொண்டு கட்டியவர்களுக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வீடு கட்டித் தருவது அதில் சேவையாகவே கருதப்படுகிறது.

இனி, பெயர் கெட்டுவிடும் என்ற அச்சத்துக்கு வருவோம். நியூயார்க் நகரில் 1977-இல் எழுந்த சிட்டிகார்ப் கோபுரம் வீடன்று, 59 மாடி அலுவலகக் கட்டடம். ஆயினும் அதன் கதை இங்கே பொருந்தும். பற்றவைக்கப்பட வேண்டிய எஃகு இணைப்புகள் போல்ட்டால் முடுக்கப்பட்டிருந்ததையும், மூலைவாட்டில் அடிக்கும் கடுங்காற்றில் அவை தாங்காமல் போகலாம் என்பதையும், கட்டி முடிந்த பிறகு 1978-இல் உணர்ந்த பொறியாளர் வில்லியம் லெமெஷர், தாமே சென்று கட்டடத்துக்கு உரிய வங்கியிடமும் நகர அதிகாரிகளிடமும் விஷயத்தைச் சொன்னார். 200-க்கு மேற்பட்ட இணைப்புகள்மேல் இரவு இரவாக இரண்டு அங்குல எஃகுத் தகடுகள் பற்றவைக்கப்பட்டன. அவருடைய தொழிலும் அழியவில்லை, கௌரவமும் குன்றவில்லை. பொறியியல் மாணவர்களுக்குத் தொழில்நெறி கற்பிக்கும்போது அவர் பெயரை எடுத்துச் சொல்கிறார்கள். ஆனால், சுற்றுப்புறத்தில் வசித்த மக்களுக்கு 1995 வரை அந்த அபாயம் பகிரங்கமாகத் தெரிவிக்கப்படவே இல்லை. ஒப்புக்கொண்டவரின் தைரியத்தை எவ்வளவு பாராட்டினாலும், இந்த மௌனத்தை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. ஒரு கூரையின் கீழ் உறங்குபவனுக்கே அதைப் பற்றி முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

வீடு கட்டுவோர் இதைத் தங்கள் தொழிலில் மிகச் சுலபமாகக் கடைப்பிடிக்கலாம். ஒரு வீட்டில் கம்பி துருப்பிடித்திருப்பது தெரிந்தால், அதே வருஷத்தில், அதே மேஸ்திரியைக் கொண்டு, அதே கிணற்றுத் தண்ணீரிலும் அதே மணலிலும் எழுப்பிய மற்ற வீடுகளும் சந்தேகத்துக்கு உரியவை. பழைய கணக்குப் புத்தகத்தைப் புரட்டி அந்த வீடுகளின் பட்டியலை எடுத்து, அங்கிருந்து புகார் வரும்வரை காத்திராமல், பொறியாளரோடும் ஒரு சிறு சுத்தியலோடும் போய்க் கதவைத் தட்டி, வந்த காரணத்தை வீட்டுக்காரரிடம் விளக்கமாகச் சொல்லிவிட்டு, ஒழுக்கும் ஓதமும் மிகுந்த குளியலறைத் தளத்தின் அடிப்பக்கத்திலிருந்து சோதனையைத் தொடங்க வேண்டும்.