ஞாயிற்றுக்கிழமைப் பக்கம்

இந்த வாரம் என்ன படித்தீர்கள் என்று கேட்டால் நண்பர்கள் பெயர்களாகக் கொட்டுவார்கள். அதில் என்ன இருந்தது என்று கேட்டால் செல்போனைத் துழாவுவார்கள். நானும் மூன்று நோட்டுகளை வெறும் பட்டியலாக நிரப்பியவன்தான்.

வாரம் முழுக்கப் படித்ததையும் கேட்டதையும் எழுதி வைக்க எண்பது பக்கக் கோடு போட்ட நோட்டு போதும். விலை கூடிய டைரி வேண்டாம், அதில் கையெழுத்தைத்தான் கவனிப்போம். வாரத்துக்கு ஒரு பக்கம், அதற்கு மேல் கிடையாது.

படிக்கும்போது நின்று யோசித்த இடத்தில் பென்சிலால் ஓரக்கோடு. நூலகப் புத்தகமானால் பஸ் டிக்கெட்டைச் செருகுங்கள். கேட்பதில்தான் சிக்கல், பஸ்ஸில் தொங்கிக்கொண்டு எழுத முடியாது. ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், தலைப்பும் நிமிடமும் சேர்ந்தே பதிவாகிவிடும். பேச்சை ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்கலாம். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பை அப்படி ஓட்டுகிறவரோடு எனக்குப் பேச்சில்லை.

ஞாயிறு காலை, இருபது நிமிடம். எல்லாரும் கவிழ்வது இங்கேதான். புத்தகத்தைத் திறந்து, கோடு போட்ட வரிகளைப் பார்த்து எழுதத் தொடங்குவார்கள். மூடுங்கள். போனையும் கவிழ்த்து வையுங்கள். நினைவில் இருப்பதை மட்டும் எழுதுங்கள். முதல் ஐந்து நிமிடம் ஒன்றுமே வராது, எரிச்சலாக இருக்கும். வரட்டும் என்று உட்காருங்கள். 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பார்க்காமல் எழுதிப் பழகியவர்கள் முந்தினார்கள். படித்த கையோடு எல்லாம் தெரிந்த மாதிரி இருப்பதை நம்பாதீர்கள்.

எழுதி முடித்த பிறகுதான் புத்தகத்தைத் திறக்கலாம். தப்பைச் சிவப்பு மையில் திருத்துங்கள். தமிழறிஞர் உ.வே.சா.வின் தன்வரலாறான 'என் சரித்திரம்' படித்த வாரம், அவர் முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தது மாயூரத்தில் என்று எழுதியிருந்தேன். கும்பகோணம், 1880. சிவப்பில் திருத்தியதால் இனி மறக்காது. அந்தச் சந்திப்பும் நம் கதைதான்: படித்த அந்தாதி, உலா, பிள்ளைத்தமிழ் என்று உ.வே.சா. அடுக்க, முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான் 1887இல் உ.வே.சா.வின் சிந்தாமணிப் பதிப்பாக வந்தது. ஆகவே பக்கத்தின் கடைசி வரியில், படித்ததிலிருந்து கிளம்பிய ஒரு கேள்வி இருக்க வேண்டும். 'அருமையான நூல்' என்று எழுதினால் அடித்துவிடுங்கள்.

எழுதியது தேறுமா என்று பார்க்க, வீட்டில் காய் நறுக்குகிறவரிடம் சொல்லிப் பாருங்கள். "அப்புறம்?" என்று கேட்டால் தேறியது. "ம்" என்றால் இன்னொரு முறை எழுதுங்கள்.

அதே பக்கத்தில் சுயமுன்னேற்றத்துக்கும் ஒரே ஒரு வரி, அதுவும் செய்த காரியமாக: 'இரவு போனை ஹாலில் வைத்தேன், நாலு நாள்.' மிச்ச மூன்று நாளுக்குக் காரணம் எழுத வேண்டாம், அது புலம்பலாகிவிடும். இரண்டு பழக்கத்தை ஒரே வாரத்தில் தொடாதீர்கள்.

ஒரு வாரம் விட்டுப்போனால் தேதி மட்டும் போட்டுக் காலியாக விடுங்கள். புதன்கிழமை உட்கார்ந்து இட்டுக்கட்டாதீர்கள். என் நோட்டில் தீபாவளி வாரத்துக்கு ஒரு எண்ணெய்க் கறைதான் இருக்கிறது.