நம்பிக்கைகளும் உண்மைகளும்: அமெரிக்க வளாகத்து ஹெல்த் சென்டர்

அமெரிக்காவில் மேற்படிப்புக்குச் சேரும் நம் பிள்ளைகளில் பலர், வகுப்பிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் ஹெல்த் சென்டரைக் கடைசியாகத்தான் எட்டிப் பார்க்கிறார்கள். நான்கு நாள் காய்ச்சலை டோலோ 650 போட்டு ஓட்டுவார்கள். ஐந்தாம் நாள் இரவு அறைத்தோழன் பயந்துபோய் எமர்ஜென்சிக்கு அழைத்துப் போவான். எந்த பில்லுக்குப் பயந்து போகாமல் இருந்தார்களோ, அது அங்கேதான் வரும். சீனியர்கள் சொல்லி, வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவரும் சில நம்பிக்கைகளே இதற்குக் காரணம். அவற்றில் முழுப்பொய்யைவிடப் பாதி உண்மைதான் அதிகம் கெடுக்கிறது.

“டாக்டரைப் பார்த்தாலே ஆயிரக்கணக்கில் போய்விடும்.”

இது மருத்துவமனை எமர்ஜென்சிக்குப் பொருந்தும். வளாக ஹெல்த் சென்டருக்குப் பொருந்தாது. பல பல்கலைக்கழகங்கள் ஒவ்வொரு செமஸ்டரும் படிப்புக் கட்டணத்தோடு ஹெல்த் ஃபீ என்று ஒரு தொகையை வாங்கிவிடுகின்றன. சாதாரணமாக டாக்டரைப் பார்ப்பதற்கு அதன்பின் ஒன்றும் கட்ட வேண்டியதில்லை, அல்லது சிறு தொகை கட்டினால் போதும். போகாமல் இருப்பவர்கள் மிச்சம் பிடிப்பதாக நினைக்கிறார்கள். உண்மையில் முன்பே கட்டிய பணத்தைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

இதில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஹெல்த் ஃபீ வேறு, இன்சூரன்ஸ் வேறு. ஃபீ ஹெல்த் சென்டருக்குள் பார்க்கும் வைத்தியத்துக்கு. வெளியில் எடுக்கும் ஸ்கேன், சிறப்பு மருத்துவர், மருத்துவமனையில் சேருவது ஆகியவற்றை இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும். ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் இடத்துக்கு இடம் மாறும். ஆகவே ரத்தம் எடுக்கும் முன்பே, “இது ஹெல்த் ஃபீயில் அடங்குமா, இன்சூரன்ஸுக்குப் போகுமா, என் பங்கு எவ்வளவு வரும்?” என்று கேட்டுவிடுங்கள். அங்கே அது தினமும் கேட்கப்படும் கேள்வி. யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சில மாணவர் இன்சூரன்ஸ் திட்டங்களில், ஹெல்த் சென்டரின் ரெஃபரல் இல்லாமல் நேரே வெளி மருத்துவரிடம் போனால் பணம் கிடைக்காது, அல்லது குறைத்தே கிடைக்கும். முதலில் இங்கே வருவதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், நினைவு தப்புதல் என்றால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், உடனே 911. காசைப் பார்க்காமல் முதலில் பரிசோதித்து, ஆபத்தான நிலையிலிருந்து மீட்க வேண்டும் என்று எமர்ஜென்சி உள்ள மருத்துவமனைகளை 1986ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கட்டாயப்படுத்துகிறது. சிகிச்சை இலவசம் என்று அதற்குப் பொருளில்லை. பில் பின்னால் வரும், உயிர் முன்னால் நிற்கும்.

“அங்கே டாக்டரே கிடையாது, நர்ஸ்தான் பார்ப்பார்.”

நர்ஸ் பிராக்டிஷனர் என்பவர் செவிலியர் படிப்புக்கு மேல் முதுகலையோ முனைவர் பட்டமோ பெற்றவர். நோயைக் கண்டறிவார், 50 மாநிலங்களிலும் மருந்து எழுதித் தருவார். தொண்டைவலிக்கும் தோல் அரிப்புக்கும் ஆஸ்துமாவுக்கும் அவர் தாராளமாகப் போதும். டாக்டரே வேண்டிய இடம் ஒன்று உண்டு, கீழே வருகிறது.

“போனாலும் தண்ணீர் குடி, ரெஸ்ட் எடு என்றுதான் அனுப்புவார்கள்.”

உண்மைதான், பல சமயம் அப்படித்தான் அனுப்புவார்கள். அனுப்பவும் வேண்டும். சளியும் ஃப்ளூவும் வைரஸால் வருபவை. ஊரிலிருந்து கொண்டுவந்த அசித்ரோமைசின் அவற்றை ஒன்றும் செய்யாது. மார்ச்சளி இருமல் ஒரு வாரத்தில் நின்றுவிட வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் அது சராசரியாகப் பதினெட்டு நாள் வரை நீடிக்கிறது. எட்டாம் நாள் ஆன்டிபயாடிக் போட்டு, பதினெட்டாம் நாள் இருமல் நின்றதும் மாத்திரைதான் குணமாக்கியது என்று நம்பிக்கொள்கிறோம். தொண்டையில் பாக்டீரியா இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் பஞ்சுக் குச்சியால் ஒரு துடைப்பு. சில நிமிடங்களில் முடிவு தெரியும். இருந்தால் மருந்து தருவார்கள். இல்லாதபோது தராமல் இருப்பதும் நல்ல வைத்தியம்தான்.

அங்கே டைலெனால் என்று விற்பதும் நம் டோலோவும் ஒரே பாரசிட்டமால். கடையில் வாங்கும் சளி மருந்துகள் பலவற்றிலும் அது கலந்திருக்கும். தெரியாமல் மூன்றையும் சேர்த்துப் போட்டால் அளவு மீறி ஈரல் கெடலாம். ஆகவே போட்டதையெல்லாம் மறைக்காமல் சொல்லுங்கள்.

“டிபி டெஸ்ட் பாசிட்டிவ் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.”

நம்மில் பெரும்பாலோர் குழந்தையில் பிசிஜி ஊசி போட்டவர்கள். கையில் போட்டுப் பார்க்கும் தோல் பரிசோதனை அதனாலேயே பாசிட்டிவ் காட்டலாம். ஐக்ரா என்ற ரத்தப் பரிசோதனையை பிசிஜி பாதிக்காது. அதைக் கேட்டுப் பெறுங்கள். அதிலும் பாசிட்டிவ் என்றால் மார்பு எக்ஸ்ரே எடுப்பார்கள். அது சுத்தமாக இருந்து அறிகுறியும் இல்லாவிட்டால், கிருமி உடலில் உறங்குகிறது என்று பொருள். மற்றவருக்குத் தொற்றாது. மூன்று நான்கு மாத மாத்திரையில் பின்னாளில் நோயாக மாறும் ஆபத்தை வெகுவாகக் குறைக்கலாம். இதற்காக யாரும் ஊர் திரும்ப வேண்டியதில்லை.

“ஹெல்த் சென்டருக்குப் போனால் விசாவில் பதிவாகும், வீட்டுக்கும் தெரிந்துவிடும்.”

இந்த ஒன்றுதான் என்னை மிகவும் வருத்துகிறது. மனம் உடைந்துபோன பிள்ளைகளைக்கூட இது வாசலிலேயே தடுத்துவிடுகிறது. நீங்கள் டாக்டரைப் பார்த்ததைக் குடிவரவுத் துறைக்குச் சொல்லும் கடமை ஹெல்த் சென்டருக்கு இல்லை. பதினெட்டு வயது ஆனவரின் சிகிச்சை விவரத்தை, அவர் சம்மதமில்லாமல் பெற்றோர் போன் செய்து கேட்டாலும் சாதாரணமாகத் தரமாட்டார்கள். உயிருக்கு ஆபத்து, அரசுக்கு அறிவித்தே ஆக வேண்டிய தொற்றுநோய் போன்ற சில விதிவிலக்குகளே உண்டு.

விசாவுக்கு உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. உடம்போ மனமோ முடியாமல், யாரிடமும் சொல்லாமல் பாடங்களைக் கைவிட்டு முழுநேர மாணவர் என்ற தகுதியை இழப்பதுதான் அது. எஃப்-1 விசாவில் இருக்கும் மாணவருக்கு விதியே ஒரு வழி வைத்திருக்கிறது. உடல்நலக் காரணத்துக்காகப் பாடங்களைக் குறைத்துக்கொள்ளலாம், தேவைப்பட்டால் முழுவதும் நிறுத்திவைக்கலாம். ஒரு பட்டப்படிப்பு நிலைக்கு மொத்தம் 12 மாதம் வரை இதற்கு இடமுண்டு. அதற்கு மருத்துவரோ உரிமம் பெற்ற உளவியலாளரோ தரும் கடிதம் வேண்டும். நான் மேலே சொன்ன இடம் இதுதான். நர்ஸ் பிராக்டிஷனரின் கடிதம் இங்கே போதாது. பாடத்தை விடுவதற்கு முன்பே வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தின் அனுமதி கையில் இருக்க வேண்டும். வரிசை மாறினால் சிக்கல். எனவே நோய் தொடங்கும்போதே டாக்டரைப் பார்த்தவருக்குத்தான் விசா பத்திரம்.

“முடியாதபோது போனால் போதும்.”

1861இல் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி எட்வர்ட் ஹிட்ச்காக் என்ற மருத்துவரை உடல்நலப் பேராசிரியராக அமர்த்தியது. அமெரிக்கக் கல்லூரி மருத்துவத்தின் தொடக்கமாக அதைச் சொல்வார்கள். படிக்கும் பிள்ளைகள் நோயில் விழாமல் காப்பதே நோக்கம். இன்றும் ஹெல்த் சென்டர்களின் வேலையில் ஒரு பகுதி அதுதான்: தைராய்டு மாத்திரையைத் தொடர்வது, மாதவிடாய்ச் சிக்கல், சைவம் சாப்பிடுபவருக்கு பி12 குறைவு, ஃப்ளூ ஊசி. முதல் செமஸ்டரில் வேலை குறைவான ஒரு வாரத்தில் சாதாரணப் பரிசோதனைக்கு நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். ஊரில் போட்ட தடுப்பூசி அட்டையும், மருந்தின் வேதிப்பெயர் எழுதிய சீட்டும் கையில் இருக்கட்டும்.

அன்று கையில் ஒரு தாளைத் தந்து, கடந்த இரண்டு வாரத்தில் மனச்சோர்வு இருந்ததா, எதிலும் நாட்டமில்லாமல் போனதா என்று கேட்கக்கூடும். வருகிற பலருக்கும் தருகிற தாள்தான் அது. உள்ளபடியே நிரப்புங்கள். ஹெல்த் சென்டர் மூடிய பின்னும் தனிமை தாங்க முடியாமல் போனால் 988 என்ற எண்ணை அழைக்கலாம். எந்நேரமும் எடுப்பார்கள், அழைப்புக்குக் கட்டணம் கிடையாது.