சிம்ப்யூட்டரைக் கொன்றது லினக்ஸா?

லிங்கராஜபுரத்திலும் அதை அடுத்த கம்மனஹள்ளியிலும் குடியிருந்துகொண்டு கணிப்பொறித் தொழிலில் ஜீவனம் செய்யும் இளைஞர்களிடையே ஓர் அபிப்பிராயம் பல வருஷங்களாக வேரூன்றிக் கிடக்கிறது. கையடக்கக் கருவிகளுக்கென்று பலரும் கூடிப் பொதுவானதொரு லினக்ஸ் அடித்தளத்தை உண்டாக்கிப் பேண வேண்டும் என்ற பேச்சை யார் எடுத்தாலும், "அதெல்லாம் நம்ம பெங்களூரிலேயே பண்ணிப் பார்த்தாச்சு சார், லினக்ஸைப் போட்டு, எல்லாருக்கும் பொதுவுன்னு திறந்தும் வச்சதாலதான் சிம்ப்யூட்டர் போச்சு" என்று பதில் வருகிறது. சொல்பவர்களில் பலர் அக்கருவி வெளிவந்த நாளில் தொட்டிலில் கிடந்தவர்கள். அதைக் கண்ணால் கண்டவர்களுமல்லர். இந்தப் பேச்சைப் பொறுமையோடு கேட்டுக்கொண்டிருக்க இனி என்னால் ஆகாது. சிறு கருவிகளில் லினக்ஸை ஏற்றி இயங்கச் செய்வதையே தொழிலாகக் கொண்டவன் என்ற உரிமையோடு சொல்கிறேன்: இது விஷயம் தெரியாதவர்கள் கட்டிவிட்ட கதை.

நடந்த விருத்தாந்தம் இது. 1998-ஆம் ஆண்டில் உதித்த எண்ணத்தைப் பற்றிக்கொண்டு, இந்திய விஞ்ஞானக் கழகத்தின் ஆசிரியர்கள் நால்வரும் என்கோர் என்ற இந்நகரத்து நிறுவனத்தார் மூவரும் சேர்ந்து சிம்ப்யூட்டர் அறக்கட்டளையை நிறுவினார்கள். எழுத்தறியாத குடியானவனும் தன் பாஷையில் கேட்டுத் தன் விரலால் தொட்டு உபயோகிக்கத் தக்க கருவி ஒன்று, கிராமத்தார் பலர் ஸ்மார்ட் கார்டு மூலம் பங்கிட்டுக்கொள்ளத் தக்கதாக இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய லட்சியம். 2001 ஏப்ரலில் முன்மாதிரி வெளியாயிற்று. அவ்வருஷ முடிவில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையும் அதைக் கொண்டாடி எழுதிற்று. மூன்று வருஷங்கள் கழிந்து, 2004 ஏப்ரலில், பிகோபெட்டா நிறுவனமும் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் சேர்ந்து 'அமிடா' என்ற பெயரில் அதைக் கடைக்குக் கொண்டுவந்தன. கையில் அசைத்தால் அந்த அசைவை உணர்ந்து நடக்கும் சக்தி அதற்கு இருந்தது. ஐபோன் பிறந்தது 2007-இல்தான் என்பதை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

ஐம்பதினாயிரம் விற்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட கருவி சில ஆயிரங்களோடு நின்றுபோனது உண்மையே. ஆனால் காரணம் என்ன? அமிடாவின் மிக மலிவான மாதிரிக்கே ஏறத்தாழ 10,000 ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த விலையில் திரைக்கும் சில்லுக்கும் நினைவகத்துக்கும் பங்கு உண்டு; லினக்ஸுக்கென்று உரிமத் தொகையாக ஒரு காசும் இல்லை. முன்மாதிரிக்கும் கடைக்கும் இடையே கழிந்த அந்த மூன்று வருஷங்களுக்குள்ளாகவே, 2003-இல், ரிலையன்ஸ் 501 ரூபாய் முன்பணத்துக்குக் கைபேசியைத் தெருவெங்கும் வழங்கத் தொடங்கிவிட்டது. குடியானவன் முதலில் விரும்பியது பேசுவதற்கு ஒரு கருவி. சிம்ப்யூட்டரோ கைபேசியாகப் பிறக்கவில்லை. விலையும் தாமதமும் கைபேசியும் செய்த காரியத்தை லினக்ஸின் தலையில் சுமத்துவது எந்த நியாயத்தில் சேர்த்தி?

இதைவிடப் பிரத்தியட்சமான சாட்சியம் என் தொழிலிலேயே இருக்கிறது. சிம்ப்யூட்டருக்குள் இருந்தது 206 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள இன்டெல் ஸ்ட்ராங்ஆர்ம் சில்லு. அதே சில்லை வைத்துத்தான் காம்பாக் நிறுவனம் 2000-இல் ஐபேக் கருவியை மைக்ரோசாஃப்ட் மென்பொருளோடு விற்றது. ஷார்ப் நிறுவனம் 2002-இல் ஸாரஸ் கருவியை லினக்ஸோடு விற்றது. சில்லு ஒன்றே, மென்பொருள்கள் வெவ்வேறு. ஆயினும் இவ்விரண்டு கருவிகளும் பின்னாளில் கடைகளை விட்டு மறைந்தன. லினக்ஸ்தான் எமன் என்றால் மைக்ரோசாஃப்டைச் சுமந்த ஐபேக் ஏன் பிழைக்கவில்லை?

கவனிக்க வேண்டியது அதற்குப் பின் நடந்தது. ஐபேக்கின்மேல் ஆர்வலர்கள் 'ஃபெமிலியர்' என்ற லினக்ஸ் தொகுப்பையும், ஸாரஸின்மேல் 'ஓபன்ஸாரஸ்' என்பதையும், சீமென்ஸ் கருவியொன்றின்மேல் 'ஓபன்சிம்பேட்' என்பதையும் தனித்தனியே வளர்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரே வேலையை மூன்று இடங்களில் மும்முறை செய்வது வீண் பிரயாசை என்று உணர்ந்து, 2003-இல் அவர்களுடைய உழைப்பெல்லாம் 'ஓபன்எம்பெடட்' என்ற ஒரே அடித்தளத்தில் சங்கமமாகும்படி செய்தார்கள். எந்தச் சில்லுக்கு எந்தப் பொதியை எவ்விதம் கட்ட வேண்டும் என்ற குறிப்புகளின் பெருந்தொகுதி அது. கருவிக்குரிய பகுதி தனியாகவும் எல்லோருக்கும் பொதுவான பகுதி தனியாகவும் அடுக்கடுக்காகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. நான் காலையில் அலுவலகத்தில் உட்கார்ந்தவுடன் திறப்பது அதன் வழிவந்த கோப்புகளைத்தான். பல வீடுகளில் இருக்கும் எல்ஜி தொலைக்காட்சியின் வெப்ஓஎஸ் கட்டப்படுவதும் அதைக் கொண்டுதான். கருவிகள் மூன்றும் அழிந்தன. பொதுவில் வைத்த உழைப்பு இருபது வருஷங்களுக்குப் பின்னும் உலகத்துக்குப் பயன்படுகிறது.

சிம்ப்யூட்டருக்கு அந்தப் பாக்கியம் கிட்டாமல் போனதுதான் என் மனத்தை வருத்துகிறது. அறக்கட்டளை பொதுவாக்கியதில் பிரதானமானது வன்பொருளின் வரைபடம். அதைக் கொண்டு கருவி செய்த நிறுவனங்கள் தத்தம் வழியே போயின. அமிடாவின் திரையை ஆண்ட 'ஆல்கெமி' என்ற சாளர மென்பொருள் அமிடாவுக்கு மட்டும் உரியதாக இருந்தது. வெளியார் கூடிப் பேணும் ஓர் அடித்தளம் அமையவில்லை. ஆகவே கருவி நின்ற அன்று அதன்மேல் செய்த வேலையில் பெரும்பகுதியும் நின்றுவிட்டது. விதிவிலக்கு ஒன்று உண்டு. எழுத்தைப் பேச்சாக்கும் 'த்வனி' என்ற மென்பொருள் அறக்கட்டளைக்காகப் பேராசிரியர் ரமேஷ் ஹரிஹரனின் முயற்சியில் எழுதப்பட்டுக் கட்டற்ற உரிமத்தோடு வெளியிடப்பட்டது. கேரளத்தின் சந்தோஷ் தோட்டிங்கல் பின்னர் அதைக் கையிலெடுத்து வளர்த்தார். மலையாளம், தமிழ் உட்படப் பல பாஷைகளை அது பேசியது. சிம்ப்யூட்டர் மறைந்த பின்னும் அதன் குரல் மட்டும் பிழைத்திருந்ததே, அதற்குக் காரணம் திறந்து வைத்ததுதானே? திறந்து வைத்ததால் கெட்டது என்பவர்கள் இதற்கு என்ன சமாதானம் சொல்வார்கள்?

மற்றப் பிரமைகளுக்கு இத்தனை நேரம் செலவிட வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டே லினக்ஸ்தானே, பொது அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறதே என்பார்கள். கெர்னல் என்னும் உட்கரு லினக்ஸ்தான், அதற்கு மேலுள்ள கட்டுமானத்தில் எது சேரும், எது நீங்கும் என்று தீர்மானிப்பது ஒரே கம்பெனி. சுதேசி ஓஎஸ் என்றால் சூனியத்திலிருந்து எழுத வேண்டும் என்பது இன்னொன்று. சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் டெபியன்மேல் நிற்கிறது; 2023 ஜனவரியில் சென்னை ஐஐடியிலிருந்து வெளிவந்த பாரோஸும் ஆண்ட்ராய்டின் திறமூலத்தின்மேல் எழுந்ததே. அதில் ஒரு குறைவும் இல்லை. குறைவென்று நினைப்பதுதான் அறியாமை. சமூகம் ஒன்றை நீடித்துக் காக்காது என்பவர்களுக்கு மீகோ என்ற கைபேசி லினக்ஸின் கதை போதும். நோக்கியாவும் இன்டெலும் 2010-இல் சேர்ந்து தொடங்கிய மீகோவை இருவரும் 2011-க்குள் கைவிட்டார்கள். அவ்வருஷ அக்டோபரிலேயே சில தன்னார்வலர்கள் அதன் மையப் பகுதியை எடுத்துச் சுருக்கி 'மெர்' என்று பெயரிட்டு, கருவிக்குரிய டிரைவர்களையும் திரைமுகத்தையும் அவரவர் பொறுப்பில் விட்டு, நடுவிலுள்ள அடித்தளத்தை மட்டும் பொதுவாகப் பேணினார்கள். அதன்மேல்தான் யோலா நிறுவனத்தின் செய்ல்ஃபிஷ் ஓஎஸ் எழுந்தது. 2016-இல் இன்டெக்ஸ் நிறுவனம் அதை 5,499 ரூபாய்க் கைபேசியாக இந்தியாவிலேயே விற்றது.

தமிழர்களுக்கு இதில் தனியான சிரத்தை இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டின் ஆரம்பப் பதிப்புகள் ஓடிய போன்களில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியும்; அல்லது கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். 'கொ' என்ற எழுத்து நினைவகத்தில் ககரமும் அதன் பின்னே ஒகரக் குறியுமாகச் சேமிக்கப்படுகிறது. திரையில் அக்குறி இரண்டாகப் பிளந்து, கொம்பு ககரத்துக்கு முன்னும் கால் பின்னும் போய் நிற்க வேண்டும். இதை ஒவ்வொரு கம்பெனியும் தன் தன் போனில் தனியே திருத்திக்கொண்டிருந்தால் என்றைக்கும் முடியாது; ஹார்ஃப்பஸ் என்ற பொது நூலகத்தில் ஒருமுறை செம்மையாகச் செய்தது இன்று ஃபயர்ஃபாக்ஸிலும் குரோமிலும் லிப்ரே ஆபீஸிலும் ஒருங்கே பலிக்கிறது.

இத்தனைக்கும் தடையாக நிற்பது, போனில் வேறு ஓஎஸ் ஏற்றவிடாமல் தயாரிப்பாளர் போடும் பூட்லோடர் பூட்டு. கம்மனஹள்ளி மெயின் ரோட்டில் எந்த ரிப்பேர் கடையில் வேண்டுமானாலும் பாருங்கள்: திரையும் பேட்டரியும் பழுதற்ற போன்கள், ஆண்ட்ராய்டு பதிப்பு பழசாகிவிட்டது என்று வங்கிச் செயலி மறுத்துவிட்ட ஒரே குற்றத்துக்காகக் குவிந்து கிடக்கும். பத்து வருஷம் ஒரு போனை உயிரோடு வைப்பதையே நோக்கமாக அறிவித்து 2017-இல் தொடங்கிய போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் போன்ற முயற்சிகள் இருக்கின்றன; ஆனால் பூட்லோடரைத் திறக்கவிடாத போனில் அவற்றை ஏற்ற வழியில்லை. விலை கொடுத்து வாங்கிய பொருளின் சாவியை விற்றவன் வைத்துக்கொள்வதை நாம் எப்படிச் சகித்துக்கொண்டிருக்கிறோம் என்பது எனக்கு விளங்கவில்லை.

அரசாங்கங்கள் மாணவர்களுக்கென்று டேப்லெட் வாங்கும் டெண்டர்களில் இரண்டு நிபந்தனைகளைச் சேர்க்கட்டும்: பூட்லோடரைத் திறக்கும் வசதி வேண்டும், கேட்பவர்க்குத் தர வேண்டும் என்று லினக்ஸின் ஜிபிஎல் உரிமம் ஏற்கெனவே விதிக்கிற கெர்னல் மூலநிரல், கேட்காமலே கருவியோடு கூடவே கைக்கு வர வேண்டும். தனிமனிதர்கள் போன் வாங்கப் போகுமுன் அந்த மாடலின் பெயர் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் பட்டியலிலோ செய்ல்ஃபிஷ் பட்டியலிலோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பூட்லோடர் திறக்குமா என்று கடைக்காரரை வாய்விட்டுக் கேட்க வேண்டும்; தெரியாது என்றால், தயாரிப்பாளரிடம் கேட்டுச் சொல்லும்வரை பணத்தை எடுக்க வேண்டாம்.