கேமராவுக்கு முன்னால் கதவு

சரஸ்வதிபுரம், மைசூரு

அன்புள்ள காயத்ரிக்கு,

மாமா எழுதுவது. நீ அனுப்பிய கொட்டேஷனைப் பார்த்தேன். விஜயநகர் நாலாவது ஸ்டேஜில் புது வீடு, பக்கத்து சைட்டில் இன்னும் புதர், மாப்பிள்ளைக்கு மாதத்தில் பாதி நாள் வெளியூர் வேலை. நீ பயப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் எட்டுக் கேமராவுக்குக் கணக்குப் போட்டவர் உன் கொல்லைக் கதவைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அதனால்தான் போனில் சொல்லாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கிரகப்பிரவேசத்தன்றே கவனித்தேன். வாசலுக்குத் தேக்குக் கதவு. கொல்லைக்கு மெல்லிய ஃப்ளஷ் டோர், அதில் விரல் நீளத் தாழ்ப்பாள், அதைப் பிடித்திருப்பது அரை அங்குல ஸ்க்ரூ. திருட வருகிறவன் தேக்கைத் தொடவே மாட்டான். ஒரு கடப்பாரை நெம்பில் அந்த ஸ்க்ரூ பெயர்ந்துவிடும். முதல் செலவு அங்கேதான். வெளிப்பக்கம் ஓர் இரும்பு கிரில் கதவு, உள்ளே மேலும் கீழும் நீளத் தாழ்ப்பாள், நிலைக்குள் ஆழமாக இறங்கும் ஸ்க்ரூ. வாசலில் உங்கள் அப்பா வாங்கித் தந்த திண்டுக்கல் பூட்டைத் தொங்கவிடுகிறாய். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு அது, உறுதியில் குறையே இல்லை. ஆனாலும் எந்தப் பூட்டும் வெளியே தொங்கினால் வீட்டில் ஆளில்லை என்று தெருவுக்கே தெரியும். கதவுக்குள் பதிக்கிற பூட்டு ஒன்று போட்டுக்கொள். திண்டுக்கல் பூட்டு கேட்டுக்கு உள்பக்கமாக இருக்கட்டும்.

நகையை வீட்டில் வைக்காதே, வங்கி லாக்கரில் வை. ரிசர்வ் வங்கியின் விதி 2022 ஜனவரியிலிருந்து மாறியிருக்கிறது. திருட்டு, தீ, ஊழியர் மோசடி போன்ற காரணங்களால் லாக்கரில் உள்ளது போனால், ஆண்டு வாடகையைப் போல நூறு மடங்கு வரை வங்கி பொறுப்பேற்க வேண்டும். நகையின் முழு மதிப்புக்கு அது ஈடாகாதுதான். பீரோவில் இருந்து போனால் அதுவும் கிடையாது.

இனி கேமரா. வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்து வாங்கு. 2024 டிசம்பர் 31-ஆம் தேதி விடியற்காலையில் ஹெப்பாள் இன்ஃபோசிஸ் வளாகத்துக்குள் சிறுத்தை வந்தது உனக்கு நினைவிருக்கும். அதைக் காட்டிக் கொடுத்தது சிசிடிவிதான். ஊழியர்களை அன்று வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னார்கள். அதற்கப்புறம் வலையும் கூண்டுமாக வனத்துறை ஆட்கள் இறங்கித் தேட வேண்டியிருந்தது. கேமரா பார்த்துச் சொல்லும், அவ்வளவுதான். சொன்னதும் ஓடிவர ஆள் வேண்டும்.

உன் வீட்டுக்கு மூன்று போதும்: கேட்டுக்கு ஒன்று, வாசல் கதவுக்கு ஒன்று, கொல்லைக்கு ஒன்று. மொட்டை மாடி விளிம்பில் மாட்டினால் தலையும் தொப்பியும்தான் தெரியும். ஏழெட்டு அடி உயரத்தில் மாட்டச் சொல், முகம் விழும். கிழக்கு வெயில் நேராக லென்ஸில் அடிக்கக்கூடாது. இரவில் கேமராவின் விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்காகச் சிலந்தி வலை கட்டும், வலை ஆடும்போதெல்லாம் உன் போன் அலறும். வாரம் ஒருமுறை துடைப்பத்தால் தட்டிவிடு. இல்லையென்றால் எரிச்சலில் அலர்ட்டை அணைத்துவிடுவாய், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

சாதாரண இரண்டு மெகாபிக்சல் கேமரா ஒரு நாளைக்குச் சுமார் இருபது ஜிபி எழுதும். மூன்றுக்கு ஒரு டிபி டிஸ்க் என்றால் இரண்டு வாரம், அதற்குமேல் பழையது அழிந்துவிடும். தீபாவளிக்கு ஊருக்குப் போய் மூன்று வாரம் கழித்து வருகிறவளுக்கு இரண்டு டிபி வேண்டும். பதிவுப் பெட்டியை டிவிக்குக் கீழே வைக்காதே. திருடர்கள் போகிறபோது அதையும் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பரணில், பூட்டுள்ள அலமாரியில் வை. அதற்கும் ரவுட்டருக்கும் இன்வெர்ட்டரிலிருந்து ஒயர் இழுக்கச் சொல், செஸ்காம் கரண்ட் போனாலும் ஓட வேண்டும். ஏப்ரல், மே இடிமழைக்கு முன்னால் எர்த்திங்கைச் சரிபார். பெட்டியில் தேதியும் நேரமும் சரியாக இருக்கட்டும். பதிவைக் கோர்ட்டில் காட்ட நேர்ந்தால் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் கேட்பார்கள். கடிகாரம் தப்பாக ஓடினால் எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் பிடிக்கும்.

பாஸ்வேர்டு விஷயத்தில் சோம்பல் கூடாது. 2016-ல் மிராய் என்ற வைரஸ், கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட லட்சக்கணக்கான கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் கைப்பற்றி, அமெரிக்காவில் பெரிய பெரிய இணையதளங்களையே முடக்கியது. இப்போது மத்திய அரசும் விழித்துக்கொண்டு, 2025 ஏப்ரலிலிருந்து இணையத்தோடு இணையும் கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. வாங்கும்போது அந்தச் சான்று உள்ள மாடலா என்று கேள். மாட்டிவிட்டு ஆள் போன அன்று மாலையே பாஸ்வேர்டை நீயே மாற்று.

என் மனசை உறுத்துவது கொட்டேஷனின் ஆறாவது, ஏழாவது வரி. ஹாலுக்கு ஒன்று, சம்பந்தியம்மா அறைக்கு ஒன்று. அவர் விழுந்துவிடுவாரோ என்ற கவலையில்தான் கேட்கிறாய், தெரியும். அந்த அறையில் அவர் புடவை மாற்றுவார், அழுவார், மகளோடு போனில் பேசுவார். இதையெல்லாம் ஒரு ஆப்பில் ஏற்றலாமா என்று அவரிடம் கேட்டாயா? கல்கத்தாவில் ஒரே வீட்டில் குடியிருந்த சகோதரர்களில் ஒருவர், மற்றவர் சம்மதமில்லாமல் வீட்டுக்குள் கேமரா வைத்தார். அது அந்தரங்க உரிமையை மீறுவது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பில் தலையிட மறுத்துவிட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்ற 2017 தீர்ப்பே கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த புட்டசாமி தொடுத்த வழக்கில் வந்ததுதான். சட்டத்தை விடு, தன் வீட்டிலேயே தான் கண்காணிக்கப்படுவதாக அந்த அம்மா நினைத்தால் உனக்குப் பொறுக்குமா? கட்டிலுக்குப் பக்கத்தில் ஓர் அழைப்பு மணி வை, பாத்ரூமில் கைப்பிடி போடு. வீட்டு வேலைக்கு வருகிற பெண்ணிடமும் கேமரா எங்கெங்கே இருக்கிறது என்று சொல்லிவிடு. எதிர்வீட்டு வாசல் உன் திரையில் விழாதபடி திருப்பச் சொல்.

அந்த எதிர்வீட்டுக்காரர்களோடு பழகு. உனக்கு இன்னும் கன்னடம் தடுமாறுகிறது என்று தயங்காதே. ஊருக்குப் போகும்போது நந்தினி பாலையும் பேப்பரையும் நிறுத்து, வாசலில் கோலம் போடவும் மாலையில் விளக்குப் போடவும் அவர்களிடம் சொல்லிவிட்டுப் போ. நாலு நாள் கோலமில்லாத வாசலை யாரும் கவனிப்பார்கள். தசரா நேரத்தில் ஊரே கூட்டத்தோடு இருக்கும்போது வீட்டைப் பூட்டிப் போவதானால் ஸ்டேஷனிலும் தகவல் கொடு. ராத்திரி சத்தம் கேட்டால் கதவைத் திறந்து பார்க்காதே, 112-க்குப் போன் செய், அப்புறம் எனக்கு.

கேமராக்காரர் சனிக்கிழமை வருவதாகச் சொன்னாய். அதற்கு முன்னால் கொல்லைக் கதவுக்கு ஆசாரியை வரவழை. ஆறாவது, ஏழாவது வரியை அடித்துவிட்டுக் கொட்டேஷனை மறுபடி எழுதி வாங்கு.

அன்புடன்,
மாமா