சீருடையைக் கழற்றுமுன்

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. பட்டாளத்தை விட்டு உளவுப் பிரிவுக்கு மாற மனுக் கொடுக்கப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். (அவளுக்கே தெரிந்துவிட்டது என்றால் முதல் பாடத்திலேயே நீ கோட்டை விட்டாய்.)

சினிமாவை மறந்துவிட்டு ரிச்சர்ட் சோர்கேயின் கதையைப் படி. முதல் உலகப் போரில் ஜெர்மன் சிப்பாய். மூன்று முறை காயம்பட்டு, இரும்புச் சிலுவைப் பதக்கம் வாங்கி, கடைசிவரை காலை விந்தி நடந்தவர். பிறகு கம்யூனிஸ்டாகி, சோவியத் ராணுவ உளவுத்துறையில் சேர்ந்தார். 1933இல் பத்திரிகையாளர் வேஷத்தில் டோக்கியோ போனார். அங்கே பின்னாளில் ஜெர்மன் தூதராக ஆன ஓட் அவருக்கு உயிர் நண்பர். தூதரகத்து ரகசியமெல்லாம் அந்த நட்பு வழியாகவே மாஸ்கோ போயிற்று.

1938இல் குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளைச் சுவரில் மோதினார். முகம் சிதைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சட்டைப் பையில் ரகசியக் காகிதங்கள். அவருடைய உளவுக் குழுவின் ரேடியோக்காரர் கிளௌசன் வந்து அவற்றை வாங்கிக்கொள்ளும்வரை நினைவு தப்பாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அந்த வைராக்கியம் பட்டாளம் கொடுத்தது. குடியை அந்த வேஷம் கொடுத்தது என்பேன். நண்பன் வீட்டில் கை நனைத்துக்கொண்டே வருஷக்கணக்கில் அவனை ஏமாற்றுவது சும்மா விடுமா?

1941இல் ஹிட்லர் சோவியத் நாட்டின் மீது படையெடுக்கப் போகிறான் என்று எச்சரித்தார், ஸ்டாலின் நம்பவில்லை. கிளௌசனோ கொள்கையில் பிடிப்பு விட்டுப்போய், சோர்கே எழுதிக் கொடுத்ததில் பெரும்பகுதியை அனுப்பவேயில்லை. அக்டோபரில் ஜப்பான் போலீஸ் பிடித்தது. 1944 நவம்பர் 7 அன்று சுகாமோ சிறையில் தூக்கு.

மாஸ்கோவில் இருந்த மனைவி காத்யாவை 1942இல் அவருடைய சொந்த அரசே கைதுசெய்து சைபீரியாவுக்கு நாடுகடத்தியது. மறு வருஷம் அங்கேயே செத்துப்போனாள். சோர்கேக்கு 'சோவியத் வீரர்' பட்டம் கிடைத்தது 1964இல்.

பட்டாளத்தில் நீ விழுந்தால் தூக்கிவிடப் பக்கத்தில் ஆள் உண்டு. செத்தாலும் கொடி போர்த்தி ஊருக்கு அனுப்புவார்கள். உளவு வேலையில் மாட்டிக்கொண்டால், நீ யாரென்றே தெரியாது என்பார்கள். உன் தைரியத்தில் எனக்குச் சந்தேகமில்லை. நீ சொல்வதை மேலிடம் குப்பையில் போட்டாலும் மறுநாள் அதே வேலையைப் பார்க்க உன்னால் முடியுமா? முன்கோபக்காரன் நீ, எனக்குத் தெரியாதா?

போகவே கூடாது என்று தடுக்க மாட்டேன். ஆனால் அடுத்த லீவில் வந்து உன் பெண்டாட்டியிடம் உட்கார்ந்து பேசு. அதுவரை மனுவில் கையெழுத்துப் போடாதே.

இப்படிக்கு,
மாமா